பேசாத பெண்தான் வேண்டும்

பட்டுச் சேலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மடியில் விழுந்தது. எதிரே பாயில் இருந்த சோணையம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அழுவாதத்தா. கமுதிக்கும் சாயல்குடிக்கும் என்ன தூரம்? நெனைச்சா பஸ் ஏறி ஒங்க ஆத்தாளைப் பாக்க வந்துரலாம்" என்றாள், மாமியாராகப் போகிறவளின் கனிவோடு.

பெண் நிமிரவில்லை. கையிலிருந்த மிளகாய் பஜ்ஜியை ஒரு கடியோடு தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.

அந்த அடக்கம் வீரபத்திரனுக்குப் பிடித்துப்போயிற்று. மகன் மருதுபாண்டிக்குப் போன மாதம் பார்த்த பெண், மாப்பிள்ளை எதுவரை படித்திருக்கிறார் என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டாளாம். அதனால் இந்த முறை, பெண் வாயைத் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ எல்லாம் அனுப்ப வேண்டாம், நேரில்தான் பார்ப்பேன் என்று சோணையம்மாள் கிளம்பி வந்திருந்தாள்.

பெண்ணைப் பெற்ற பூமிநாதனும் ஒரு விஷயம் சொல்லியனுப்பியிருந்தார். மகள் சேதுலட்சுமிக்கு மதுரையில் இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. கல்யாணம் ஆனாலும் அதை முடிக்க விட வேண்டும். அதற்கென்ன, தாராளமாக என்று சாயல்குடியிலிருந்து பதில் வந்திருந்தது.

வாயைத் திறக்காத பெண்ணுக்கும் சேர்த்து அங்கே இன்னொருத்தி பேசிக்கொண்டிருந்தாள். பேண்ட், சட்டை, கழுத்தில் கேமரா. மொரீஷியஸ் தீவிலிருந்து வந்து சேதுவோடு காலேஜில் படிக்கும் செல்வினா, நம் பக்கத்துப் பழக்கவழக்கங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள் என்று பூமிநாதன் சொல்லியிருந்தார்.

"மூஞ்சி நம்ம பக்கத்துச் சாடையாவுல்ல இருக்கு" என்று சோணையம்மாள் வியந்தாள். பூட்டன் காலத்தில் இங்கேயிருந்து கப்பலேறிப் போனவர்கள், அதுதான் என்றார் பூமிநாதன்.

கேமராக்காரி புத்தகத் தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேள்வி கேட்டாள். மாப்பிள்ளையையும் நடந்து காட்டச் சொல்வார்களா, பாடச் சொல்வார்களா என்றாள். கல்யாணப் பெண் கேட்டிருந்தால் வீரபத்திரன் எழுந்து போயிருப்பார். வெளிநாட்டுப் பிள்ளை கேட்டதால் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மருதுபாண்டியிடம், என்னென்ன சமைக்கத் தெரியும் என்று கேட்டாள். அவன் அம்மாவைப் பார்த்தான்.

"அவனுக்கு வென்னி வைக்கக்கூடத் தெரியாது" என்று சோணையம்மாள் பெருமையாகப் பதில் சொன்னாள்.

களத்தில் காயும் மிளகாயைக் காட்ட வீரபத்திரனைப் பூமிநாதன் வெளியே கூட்டிப்போனார். பெண்ணைக் காப்பி எடுக்க அவருடைய மனைவி பஞ்சம்மாள் அடுப்படிக்கு அழைத்துப்போனாள். மூன்றாவது பஜ்ஜியைக் காரச் சட்னியில் புரட்டிக்கொண்டே கேமராக்காரி சோணையம்மாள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"திருமணத்துக்குப் பிறகும் பெண் கல்லூரிக்கு வருவாள் அல்லவா?"

சோணையம்மாள் அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒனக்குச் சொல்றதுக்கென்ன, நீ ஊரைப் பாத்துப் போற புள்ள. படிக்க வைக்கிறோம்னு சும்மா சொல்லி வச்சிருக்கு. தாலி ஏறிருச்சுன்னா எந்தக் காலேசு? எங்க உப்பளத்து ஆளுகளுக்குச் சோறு பொங்கவே பொழுது பத்தாது."

"உங்களுக்கும் இதில் சம்மதமா?" என்று கேமராக்காரி மருதுபாண்டியிடம் கேட்டாள்.

அவன் கேசரியில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தான். "அம்மா சொன்னாச் சரிதான்" என்றான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு மிச்ச பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டாள்.

காப்பி வந்தது. பெரியவர்களும் உள்ளே வந்தார்கள். சோணையம்மாள் பையிலிருந்து மல்லிகைப்பூவை எடுத்தாள். பெண் தலையில் அதை வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அதற்கப்புறம் பின்வாங்கினால் இரண்டு ஊரும் சிரிக்கும்.

கேமராக்காரி எழுந்து குறுக்கே வந்து நின்றாள். "பெண்ணின் விருப்பத்தைக் கேட்க வேண்டாமா?"

வீரபத்திரனுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. "எங்க பக்கம் அந்த வழக்கமில்லம்மா. பெத்தவுக சரின்னா முடிஞ்சுச்சு. என்ன பூமிநாதன், வச்சிருவமா?"

பூமிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க வீட்டுல அந்த வழக்கம் உண்டுங்க. எம்மக சரின்னாத்தான் நான் சரி."

எல்லோரும் பட்டுச் சேலைக்காரியைப் பார்த்தார்கள். அவள் இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யாருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் விழித்தாள்.

பூமிநாதன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "நீ சொல்லுத்தா" என்றார்.

கேமராக்காரி கேமராவைக் கழற்றிப் பட்டுச் சேலைக்காரியின் கழுத்தில் மாட்டினாள். பூவும் கையுமாக நின்ற சோணையம்மாளை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு இந்த எடம் வேணாம்ப்பா."