பாதி சிவந்த திட்டு

தட்டில் வளர்ந்திருந்த ஈஸ்ட் திட்டு பாதி வெள்ளை, பாதி சிவப்பு. விபத்தில் தலையில் அடிபட்ட கணவர் சிவநேசனை வீட்டில் தனியே விட முடியாமல், தேன்மொழி தன் ஆய்வகத்துக்கே கூட்டிவந்திருந்தாள்.

“இது ஏன் சிவந்துச்சு?”

“வெள்ளைக்கான ஜீனை நாங்கதான் வெட்டிவிட்டோம். சில புரதங்க அறுந்த நுனியைப் பிடிச்சுக்கிட்டு, அதோட ஜோடி டிஎன்ஏவைத் தேடிப் போகும். விட்டுப்போனதை அதைப் பார்த்து எழுதிக்கும். ஜோடியில சிவப்புதான் இருந்துச்சு.”

“அப்ப பழசு?”

“போயிரும். ஆனா செல் பொழச்சுக்கும்.”

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விபத்துக்கு முந்தைய மாதங்கள் எதுவும் அவருக்கு நினைவில்லை. அவள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லி நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“தேனு, அன்னைக்கு அவ்வளவு பெரிய சண்டை போட்டுட்டு, செருப்பை மாட்டினவன் திரும்பி வந்து உன் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன்ல? இப்ப எனக்கே நல்லா ஞாபகம் வருது. பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்த. கையெல்லாம் ஈரம்.”

தட்டை மூடப்போன அவள் கை அப்படியே நின்றது.

அன்று அவர் திரும்பி வரவேயில்லை. வந்ததாக அவள்தான் சொல்லிவைத்திருந்தாள். ஆனால் அன்று தன் கை ஈரமாயிருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.