எங்க விமானம்

போரில் பிடிபட்ட எதிரி விமானத்தைக் காட்சிக்கு வைத்திருந்த கூடத்தில், காவலாளிக்கு ஒரு தையல்காரர் மேல் ஒரே சந்தேகம். தினமும் வருகிறார். விமானத்தை விட்டுவிட்டுக் காவலாளியையே பார்க்கிறார்.

இன்று காவலாளி வழிமறித்தார்.

"என்ன தம்பி, இங்கயே சுத்துறீங்க? உளவு பாக்குறீங்களா? ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

"கோச்சுக்காதீங்கண்ணே. இந்த இறக்கை ஏன் முறிஞ்சிருக்கு?"

"தெருவுல விழாம வயல் பக்கம் திருப்பும்போது மரத்துல இடிச்சுது. எங்க விமானம் லேசுல திரும்பாது."

"எங்க விமானமா?"

காவலாளியின் கையிலிருந்த துடைக்கும் துணி நழுவியது. அன்று அகப்பட்டது விமானம் மட்டும்தான், கண்ணுகளே. ஓட்டி வந்தவர் இத்தனை வருஷமாக அகப்படவே இல்லை.

"போலீஸைக் கூப்பிடப் போறீங்களா?" என்றார் காவலாளி.

"அந்தத் தெருவுலதாண்ணே எங்க வீடு. தொட்டில்ல பொண்ணு தூங்கிட்டிருந்தா. வயலைத் தாண்டி ஓடின முகத்தை நான் மறப்பேனா?"

தையல்காரர் குனிந்து துணியை எடுத்துக் கொடுத்தார்.

"இனிமே யார் கேட்டாலும் 'நம்ம விமானம்'னு சொல்லுங்கண்ணே."