இன்னும் ஒரு வருஷம்

தோல் ஆலை அலுவலகத்தில் மேசைக்கு அந்தப்பக்கம் மேனேஜர். இந்தப்பக்கம், ஆலைக் கழிவால் கிணறு கெட்டுப்போன ஊர்க்காரர்கள் மூவர்: நான், சரோஜா அக்கா, நடுவில் எங்கள் தலைவர் புகழேந்தி.

"சுத்திகரிப்பு நிலையம் கட்ட இன்னும் ஒரு வருஷம் டைம் கேக்கறாங்க. குடுத்துடலாம்," என்றார் தலைவர்.

"அதுவரைக்கும் மாடு எதைண்ணா குடிக்கும்?" என்றார் அக்கா.

"நம்பும்மா. இந்த வாசப்படியை நானே இன்னிக்குத்தான் மிதிக்கிறேன்."

அவர் சொன்னால் சரி. கலெக்டருக்குச் சம்மதக் கடிதம் எழுதினேன்.

ஆலை ஊழியர் காசி டீ கொண்டுவந்தார். "சக்கரை ஜாஸ்தியா, கம்மியாங்க?" என்று எங்களைக் கேட்டார். தலைவரைக் கேட்கவில்லை. தனி டம்ளரை அவர் முன்னால் வைத்தார்.

"எப்பவும்போல உங்களுக்கு சக்கரை போடலண்ணா."

அக்கா தன் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

வெளியே வந்து கடிதத்தைக் கிழித்தேன். அவகாசம் தர வேண்டாம் என்று புதிதாக எழுதினேன். தலைவர் போடவேண்டிய இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். உறையை ஒட்டி, வேங்கிக்கால் தபால் பெட்டியில் போட்டேன்.