ஏய், புதுசு!

"டாக்டர், வேற யாரையாவது கூப்பிடுங்க. நேத்து மூணு தடவை குத்தியும் எனக்கு நரம்பு கிடைக்கல," என்றாள் புது நர்ஸ்.

"உன்னைத்தான் ஊசி போடச் சொல்லியிருக்காங்க," என்று டாக்டர் கதவைக் காட்டினார்.

கதவின் சிறு கண்ணாடியில் தலைமை நர்ஸின் முகம். சேர்ந்த நாளிலிருந்து, "ஏய், புதுசு!" என்று அவளை வறுத்தெடுக்கும் முகம். இன்றோடு சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

இன்குபேட்டரில் குறைமாதக் குழந்தை. அவள் கட்டைவிரல் அளவே இருந்த காலை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினாள். "கொஞ்சம் வலிக்கும்டா தங்கம், கோவிச்சுக்காதே."

முதல் குத்திலேயே ஊசி ஏறியது!

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். தலைமை நர்ஸ் யூனிஃபார்மில் இல்லை. நோயாளிகளின் அங்கியில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நேத்து ராத்திரி, ரெண்டு மாசம் முந்திக்கிட்டு வந்துட்டான், என் பிள்ளை."

"மேடம்... அனுபவசாலிங்க இத்தனை பேர் இருக்க, நானா?"

"நரம்பை எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க. குழந்தைகிட்ட சொல்லிட்டுக் குத்துறது நீ ஒருத்திதான்."

தலைமை நர்ஸ் வாசற்படியிலேயே தயங்கினார்.

"நான் உள்ள வரலாமா, சிஸ்டர்?"