காவல் கிளை

“இன்னைக்கு யார் முறை?” தூவி என்ற தவிட்டுக்குருவி முட்டையை விட்டு வெளியே வந்த காலத்திலிருந்தே காதில் விழுந்த சத்தம் அது. கூட்டம் தரையில் புழு பொறுக்கும்போது ஒருத்தி மேல்கிளையில் காவல் இருக்க வேண்டும். யார் என்பதில் தினமும் சண்டை. ஒருநாள் சண்டை ஓய்வதற்குள் தூவியின் குஞ்சு ஒன்றை வல்லூறு தூக்கிப் போய்விட்டது. மிச்சம் இரண்டு.

காக்கையையே கொத்தி விரட்டும் கரிச்சானிடம் அவளே போனாள். “அண்ணே, இனிமே காவல் உங்க பொறுப்பு. எங்களுக்கு வாய்ச்சண்டைதான் வரும்.”

“நான் கத்தினா ஏன்னு யாரும் கேக்கக் கூடாது.”

“கேட்டுக் கேட்டுத்தான் அண்ணே இந்தக் கதி.”

தோப்பு அமைதியானது. அப்புறம் யாருக்காவது கொழுத்த புழு அகப்பட்டால் போதும், “வல்லூறு” என்று கரிச்சான் கத்துவான். குருவிகள் அலகில் இருந்ததைப் போட்டுவிட்டுப் புதருக்குள் ஓடும். அவன் இறங்கி வந்து நிதானமாகத் தின்பான்.

“வானத்துல ஒண்ணுமே இல்லையே அக்கா,” என்றாள் தங்கை மண்ணி.

“நாம காவலுக்குச் சண்டை போட்ட லட்சணத்தைப் பார்த்தவதானே நான்? அன்னைக்குக் குஞ்சு போச்சு. இப்பப் புழுதானே போகுது.”

அந்தக் கோடை முடிவதற்குள் தூவியின் மற்ற இரண்டு குஞ்சுகளும் இரையில்லாமல் செத்துப்போயின.