லினக்ஸுக்கு மட்டும் அடுத்த வாரம்

“விண்டோஸ் வச்சிருக்கிறவங்களுக்கெல்லாம் அப்டேட் வந்த அன்னைக்கே போட்டுட்டீங்க. லினக்ஸ் வச்சிருக்கிற நாங்க மட்டும் என்ன, மாற்றாந்தாய் பிள்ளைங்களா?”

அவள் கேட்டது நியாயம்தான். மீட்டிங்கில் பெரிய திரையோடு இணைத்தால் போதும், அவள் லேப்டாப் கண்ணை மூடிக்கொள்ளும். அன்று காலைகூட வாடிக்கையாளர் முன்னால் மானம் போனது. அதைச் சரிசெய்ய லேப்டாப் கம்பெனி, மெஷினையே உயிர்ப்பிக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் விட்டு ஒரு மாதமாகிறது. ஆனால் அதைப் போடுவதற்கான பாஸ்வேர்டு ஐ.டி. சப்போர்ட் அண்ணனிடம் மட்டும்தான்.

“அடுத்த வாரம் பார்க்கலாம்மா,” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.”

“லினக்ஸ்னா கொஞ்சம் பொறுமை வேணும்.”

“பாஸ்வேர்டைக் கொடுங்க, நானே போட்டுக்கறேன். காலேஜ்லேர்ந்து இதுலதான் குப்பை கொட்டறேன்.”

“அது மட்டும் முடியாது.”

அவள் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

“வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும் சார். இப்படி இழுத்தடிச்சா நாங்க எப்படி வேலை பார்க்கிறது?”

“பேசறேன்,” என்றார் மேனேஜர்.

மறுநாள் மதியம் சப்போர்ட் அண்ணனே அவள் மேசைக்கு வந்தார். சார்ஜரைச் செருகி, அப்டேட்டைப் போட்டார். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பெரிய திரையோடு இணைத்ததும் படம் பளிச்சென்று வந்தது.

“இவ்வளவுதானே வேலை? மேல சொன்னாதான் இங்க நடக்குது,” என்றாள், பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி.

அவர் சார்ஜரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

அவள் மேனேஜருக்கு நன்றி சொன்னாள்.

அவர் விழித்தார். “நான் இன்னும் அவர்கிட்ட பேசவே இல்லையேம்மா.”

குழப்பத்தோடு சப்போர்ட் அறைக்குப் போனாள். அலமாரியில் அவளுடையதைப் போலவே ஒரு லேப்டாப், அடிமூடி கழற்றிய நிலையில் கிடந்தது.

“இது யாரோடதுண்ணே?”

“என்னோடதுதான். உங்களுக்குப் போடறதுக்கு முன்னாடி லினக்ஸ் ஏத்தி இதுல போட்டுப் பார்த்தேன். அன்னைக்குப் போன உயிர், திரும்பி வரலை. உள்ள இருந்த என் வேலையும் அதோட போச்சு. கம்பெனி திருத்தின அப்டேட் இன்னைக்குத்தான் வந்துச்சு. அதையும் வேற ஒரு மெஷின்ல போட்டுப் பார்த்துட்டுதான் உங்ககிட்ட வந்தேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே?”

“சொல்லியிருந்தா, ‘எனக்குத் தெரியாததா’ன்னு மேனேஜர்கிட்ட பேசி பாஸ்வேர்டை வாங்கி நீங்களே போட்டிருப்பீங்கம்மா. சோம்பேறின்னு நீங்க திட்டினா எனக்கு ஒண்ணும் ஆயிடாது. உங்க லேப்டாப் செத்தா, உங்க உழைப்பெல்லாம் போயிருக்கும்.”