முத்துப்பிள்ளை

பச்சைக் கதவைத் தாண்டிப் போகச் சொன்னார்கள்.

போன மாதம் வரை அவள் இடம் கதவுக்கு இந்தப் பக்கம். கர்ப்பிணிகள் பகுதி. பெஞ்சில் உட்கார்ந்ததுமே பக்கத்திலிருப்பவள் கேட்பாள், எத்தனை மாசம் என்று.

அந்தப் பக்கம் புற்றுநோய்ப் பிரிவு.

இரண்டும் ஒரே மகளிர் மருத்துவத் துறைதான். மருத்துவக் கல்லூரியின் அந்தக் கட்டடத்துக்கு வாசல் ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று.

ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பவில்லை.

"இதுக்குப் பேரு முத்துப்பிள்ளைம்மா. நஞ்சுக்கொடி மட்டும் திராட்சைக் கொத்து மாதிரி வளர்ந்திருக்கு. உள்ள குழந்தையே உருவாகலை."

மறுநாள் மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்தார்கள். சிலருக்கு மிச்சம் தங்கிப் புற்றாக மாறும். அதனால் வாரா வாரம் புற்றுநோய்ப் பிரிவில் ரத்தம் கொடுக்க வேண்டும். கர்ப்பம் என்று முதலில் சொன்ன அதே பரிசோதனை. இந்த முறை அதில் வரும் ஹார்மோன் எண் இறங்க வேண்டும்.

மாமியார் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"பிள்ளையே இல்லேன்னு டாக்டரே சொல்லியாச்சு. பொறவு எதுக்கு அழுவுறே?"

மஸ்கட்டிலிருந்து கணவன் பேசினான். குழந்தை என்று எதுவும் இல்லைதானே, அப்படியென்றால் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றான்.

அவள் குழப்பிக்கொள்ளவில்லை.

பதினோரு வாரம் அதனோடு பேசியிருந்தாள், அவ்வளவுதான். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் "பிடிச்சுக்க" என்று சொல்லியிருந்தாள்.

யாரிடம் சொன்னோம் என்று இப்போது தெரியவில்லை.

பச்சைக் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் வயதானவர்கள். தலையில் துண்டு கட்டியிருந்த ஒரு அம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மாவுக்குத் துணைக்கு வந்தியா தாயி?"

"எனக்குத்தான்."

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

ஒன்பது செவ்வாய்க்கிழமைகள் வந்தாள். எண் ஆயிரங்களில் இருந்தது. நூறுகளுக்கு வந்தது. பிறகு இல்லவே இல்லை என்று வந்தது. தொடர்ந்து மூன்று வாரம் அப்படியே வந்ததும் டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒண்ணுமே இல்லைம்மா! சுத்தமா இறங்கிருச்சு. சந்தோஷமா வீட்டுக்குப் போ."

அவளும் தலையாட்டினாள்.

இன்னும் ஆறு மாதத்துக்குக் கர்ப்பமாகக் கூடாது. கணவன் தைக்கு லீவில் வருகிறான். குடும்ப நலப் பிரிவில் மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மாடியில் கடைசி அறை.

அங்கே ஒரு சிஸ்டர் தனியாக உட்கார்ந்து, முகம் நிமிராமல் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"ரேணுகாதேவி."

"வயசு?"

"இருபத்தாறு."

"இதுவரைக்கும் கர்ப்பம் எத்தனை தரம்?"

அவள் பழைய சீட்டுகளை எடுத்து நீட்டினாள்.

சிஸ்டர் வாங்கிப் புரட்டினார்.

"முத்துப்பிள்ளையா?"

"ஆமா. அதுல குழந்தை இல்லைன்னுட்டாங்க."

"அதனால என்ன? அதையும் சேர்த்துத்தான் எழுதணும்."

கட்டத்தில் ஒன்று என்று எழுதினார்.

ரேணுகாதேவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மையின் ஈரம் காய்கிற வரை அந்த எண்ணையே பார்த்தாள்.

"எடுத்தது என்னைக்கு?"

தேதியைச் சொன்னாள். வியாழக்கிழமை என்றாள். சிஸ்டர் அடுத்த கேள்விக்குப் போகுமுன், காலை பத்து இருபதுக்கு என்றாள்.

பேனா நின்றது. சிஸ்டர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

நேரத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஓரத்தில் எழுதிக்கொண்டார்.